சீனி வருத்தத் தூளுக்கு நான் கேட்ட மன்னிப்பு

எனக்குக் கோவம் வந்தால் ஓரிடத்திலை இருக்கேலாது. எழும்பி நடப்பன், சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கையாவது போவன், வாற வழியிலை ஆரோடையாவது சண்டை கொழுவுவன். அந்த முறை கொழுவ ஆள் கிடைக்கேல்லை, இருந்து எழுதிப்போட்டன். எழுதினதுதான் நான் விட்ட பிழை எண்டு தெரிஞ்ச ரண்டொருத்தர் சொல்லிச்சினம். எழுதினது பிழையில்லை. எழுதிப்போட்டுப் பிறகு செய்ததுதான் பிழை.

எண்பத்து மூண்டுக் கலவரத்துக்குப் பிறகு வந்த வருசங்கள் அவை. அரியாலையிலை எங்கடை வீடு. அப்பா முந்தியே காலமாயிட்டார். அம்மா, நான், தங்கச்சி, மூண்டு பேர்தான். நான் பட்டினத்திலை ஒரு பள்ளிக்கூடத்திலை இரசாயனம் படிப்பிச்சனான். தங்கச்சிக்கு அப்ப இருபத்து மூண்டு வயசு. பத்தொன்பது வயசிலையே அவளுக்குச் சீனி வருத்தம் வந்திட்டுது. விழுங்கிற குளிசையாலை அடங்கிற வகை இல்லை. நாளுக்கு ரண்டு தரம் இன்சுலின் ஊசி, அது இல்லாட்டில் ஆள் இல்லை. டொக்டர் அதை என்னை இருத்தி வைச்சு ரண்டு முறை சொன்னவர்.

வருத்தம் எங்கடை வீட்டுக்கு வெளியிலை ஒருத்தருக்கும் தெரியாது. கலியாணம் பேசேக்கை பெட்டை கண்ணாடி போட்டிருந்தாலே நாலு கேள்வி கேக்கிற சனம், ஊசி எண்டால் வாசல் படலையோடை திரும்பிப் போடும். அதாலை இன்சுலின் போத்தில் குசினி மூலையிலை, குளிர்மைக்கு ஈரமணல் நிரப்பின முட்டிக்குள்ளை இருக்கும், மேலை சுளகு போட்டு மூடிக் கிடக்கும். ஊசியைச் சட்டியிலை போட்டு அவிக்கிற நேரம் ஆரும் வந்தால் அம்மா முட்டை அவிக்கிறன் எண்டு சொல்லுவா. நாங்கள் சைவம். அந்தப் பொய்யைச் சனம் எப்பிடி நம்பிச்சுதோ எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை. கிளினிக்கிலை தெரிஞ்ச முகத்தைக் கண்டால் தங்கச்சி தூணுக்குப் பின்னாலை போய் நிண்டிடுவாள். நானும் அவளுக்கு முன்னாலை மறைச்சுக்கொண்டு நிப்பன். ஒளிக்கிறதிலை எனக்கும் சரி பங்கு இருந்தது, அதை முதலே சொல்லிப்போடுறன்.

கலியாணப் பேச்சு தொடங்கின உடனை அம்மாவுக்கு ஒரு அவசரம் பிடிச்சுது. ஊசியோடை ஆர் கட்டுவான் எண்டு புறுபுறுத்துக்கொண்டு திரிஞ்சா. நான் சோதனைப் பேப்பர் திருத்தக் கொழும்புக்குப் போன நேரமாப் பாத்து, கொடிகாமத்துக்கு அங்காலை நாட்டு வைத்தியம் செய்துகொண்டிருந்த ஒரு பரியாரியாரிட்டை அவளைக் கூட்டிக்கொண்டு போயிட்டா. அவர் சீனி வருத்தத்துக்குத் தூள் குடுக்கிறதிலை பேர் போன ஆள். முதல் நாளே ஊசியை நிப்பாட்டச் சொல்லுவார், பிறகு தூள், தூளோடை கடும் பத்தியம். தங்கச்சிக்கு ஆசை வந்திட்டுது. நாலு வருசமாத் தொடையிலை குத்திக்கொண்டிருந்தவளுக்கு ஆசை வராமல் என்ன செய்யும்?

நான் திரும்பி வந்த அண்டு பின்னேரம் அவள் கட்டிலிலை கிடந்தாள். நாலைஞ்சு தரம் சாப்பிட்டதைச் சத்தி எடுத்தவளாம். மூச்சு ஆழமா, இழுத்து இழுத்து வந்தது. கிட்டப் போய்க் குனிஞ்சன். எங்கடை ஆய்வுகூடத்திலை அசற்றோன் போத்திலைத் திறந்தால் வாற மணம் அவளின்ரை வாயிலை வந்தது. இன்சுலின் இல்லாமல் ரத்தம் நஞ்சானால் வாற மணம் அது. முன்வீட்டு ஒஸ்ரின் காரை மறிச்சு ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போய்ச் சேர்த்தம். ஒண்டரை நாள் அறிவில்லாமல் கிடந்தவள். மூண்டாம் நாள் காலமை கண்ணைத் திறந்து தண்ணி கேட்டாள். கட்டிலடிக் கதிரையிலை இருந்து அழுதன், வெக்கமில்லாமல்.

அம்மா என்ன சொன்னவ தெரியுமோ? "அவள் பனாட்டுத் துண்டொண்டு திண்டவள் தம்பி. பத்தியம் முறிஞ்சு போச்சு." பரியாரியாரும் ஆள் விட்டு அதைத்தான் சொல்லி அனுப்பியிருந்தார். தூளிலை குற்றமில்லை, குற்றம் பனம்பழக் களியைக் காயவைச்ச அந்தப் பனாட்டிலை. சுகம் வந்தால் தூளாலை, சுகம் வராட்டில் பத்தியம் முறிச்சதாலை. இந்தக் கணக்கிலை தூள் ஒருநாளும் தோக்காது.

பட்டினத்திலை ஒரு சின்ன மாதமிருமுறைப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அதிலை நான் புனைபெயரிலை விஞ்ஞானக் கட்டுரை எழுதுறனான். அந்தப் பேருக்குப் பின்னாலை நான் இருக்கிறன் எண்டு பத்திரிகை ஆசிரியருக்கு மட்டும்தான் தெரியும். ரண்டு மணித்தியாலத்திலை எழுதி முடிச்சன். பரியாரிமாருக்கு நான் எதிரியில்லை, சின்ன வயசிலை முறிஞ்ச என்ரை கையே பரியாரி பத்துப் போட்டுக் கட்டித்தான் பொருந்தினது எண்டும் எழுதினன். ஆனால் இந்தத் தூளை ஆரும் சோதிச்சுப் பாத்தவையோ எண்டு கேட்டன். சோத்தையும் சீனியையும் மறிச்சால் கொஞ்சமா வருத்தம் உள்ள ஆளுக்குத் தூள் இல்லாமலே இறங்கும், பிறகென்ன தூள்? பாதிப் பேருக்குத் தூளும் பாதிப் பேருக்கு அதே நிறத்திலை வெறும் மாவும் குடுத்து ஒருக்காலாவது பாத்தவரோ? ஊசி நிப்பாட்டினால் செத்துப்போற ஆக்களும் இருக்கினம் எண்டு அவருக்குத் தெரியாதோ? அவ்வளவோடை நிண்டிருக்கலாம். கோவம் விடேல்லை. தெரிஞ்சுகொண்டே சனத்தை ஏமாத்துறார் எண்டு ஒரு வரியும் போட்டன். எனக்குத் தெரிஞ்ச ஒரு இளம் பெண் சாவாசலுக்குப் போய் வந்தாள் எண்டும் எழுதினன்.

பரியாரியாரின்ரை பேர் எழுதேல்லை. எங்கடை ஆக்களிட்டை ஒரு பழக்கம் இருக்கு, ஆற்றையும் குறை கதைக்கேக்கை பேர் சொல்ல மாட்டினம். ஆலடியார், சந்தியிலை நிக்கிறவர், பச்சைக் கேற்றுக்காரர், உவர் எண்டுதான் கதை. பேர் சொல்லாட்டில் ஒண்டும் சொல்லேல்லை எண்டு நினைப்பு. நானும் அப்பிடித்தான் நினைச்சன். மடத்தடியிலை பஸ்ஸாலை இறங்கி ஆரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவினம் எண்டு எழுதியிருந்தன்.

கட்டுரை வந்து மூண்டாம் கிழமை பத்திரிகை ஆசிரியர் பள்ளிக்கூடத்துக்கே வந்திட்டார். நல்ல மனிசன். சொந்த அச்சுக்கூடம், பழைய மெசின், ரண்டு வேலையாக்கள். அவற்றை கையிலை பதிவுத் தபாலிலை வந்த கடிதம், இங்கிலீசிலை. பரியாரியாரின்ரை வக்கீல், ஒரு பிறக்கிராசியார் எழுதினது. இரண்டு கிழமைக்குள்ளை மன்னிப்புப் போடவேணும், இல்லாட்டில் மானநட்ட வழக்கு. கேட்டிருந்த தொகைக்கு அச்சுக்கூடத்தை வித்தாலும் காணாது. "மாஸ்டர், நீங்கள் சொல்லுறதைச் செய்வம்," எண்டார். அவர் கோவிச்சிருந்தால் எனக்குச் சுகமா இருந்திருக்கும்.

ரண்டு பேருமாப் போய், கோட்டிலை வழக்குப் பேசுற ஒரு அப்புக்காத்தரைப் பாத்தம். வயசான ஆள், எதையும் சிரிச்சுக்கொண்டுதான் சொல்லுவார். கட்டுரையை வாசிச்சிட்டுக் கண்ணாடியைக் கழட்டினார்.

"ஐசே, நீர் பேர் எழுதேல்லைத்தான். பஸ் நிக்கிற இடமெல்லோ எழுதி வைச்சிருக்கிறீர்."

எழுதினதெல்லாம் உண்மை எண்டு சொன்னன்.

"இது ஒல்லாந்தன் விட்டிட்டுப் போன சட்டம். உண்மை எண்டால் மட்டும் காணாது, உண்மையாயும் இருக்கவேணும், அதைச் சொன்னது சனத்துக்கு நன்மையாயும் இருக்கவேணும். நன்மைக்கு நான் கதைக்கிறன், அது என்ரை வேலை. உண்மைக்கு எனக்கு ஆள் வேணும். அதோடை, தெரிஞ்சுகொண்டு ஏமாத்துறார் எண்டிருக்கிறீர். அந்தாளின்ரை மனசுக்குள்ளை கிடக்கிறது உமக்கு எப்பிடித் தெரியும்? அவர் அந்தத் தூளைத் தன்ரை மனிசிக்கும் குடுக்கிறாராம்."

அது எனக்குத் தெரியாது. அவர் நம்பித்தான் குடுக்கிறார் எண்டது எனக்கு ஏமாத்துறதைவிடப் பயமா இருந்தது. ஆனால் அப்பிடி நான் எழுதேல்லை.

"சரி, அந்தப் பிள்ளை ஆர்? அவளைக் கூண்டிலை ஏத்தினால், ஆசுப்பத்திரி றிப்போட்டும் இருந்தால், நாங்கள் நிண்டு பிடிக்கலாம்."

ஆசிரியரும் என்னைப் பாத்தார். அவருக்கும் நான் சொல்லியிருக்கேல்லை. யன்னலுக்கு வெளியிலை பாத்துக்கொண்டு, தெரிஞ்ச வீட்டுப் பிள்ளை, கேட்டுப் பாக்கிறன் எண்டன். கேக்கிறதுக்கு நான் வீட்டை போனால் காணும். நான் வீட்டை போகேல்லை, சைக்கிளைப் பரியாரியார் இருந்த தென்மராட்சிப் பக்கம் விட்டன். வேறை ஆள் கிடைச்சால் தங்கச்சியை இழுக்கத் தேவையில்லை எண்ட எண்ணம்.

தூள் குடிச்ச ஆக்களைத் தேடி ஒரு கிழமை அலைஞ்சன். பள்ளிக்கூடம் விட்ட உடனை வெளிக்கிட்டு, ஆமியின்ரை செக்கிங் நடக்கிற றோட்டை விட்டு ஒழுங்கைகளுக்குள்ளாலை போவன், ஊரடங்குக்கு முன்னம் திரும்பவேணும். ஒரு வீட்டிலை மனிசன் தூள் குடிச்சுக் காலமாகி ஆறு மாசம். மனிசி தேத்தண்ணி தந்து, ஆறுதலாச் சொன்னா: "அவர் ஒருநாள் பலாப்பழம் திண்டவர் தம்பி. பரியாரியார் அண்டைக்கே சொன்னவர்." இன்னொரு வீட்டிலை ஒரு பென்சன்காரருக்கு முழங்காலோடை கால் இல்லை. அது முள்ளுக் குத்தினது எண்டு அடிச்சுச் சொன்னார். மூண்டாவது வீட்டிலை என்னை இருக்கவும் சொல்லேல்லை. "எங்களுக்குக் கலியாணத்துக்கு ரண்டு குமர் இருக்குது. சீனி வருத்தம் எண்டு எங்கடை பேரைக் கோட்டிலை எடுக்கிறதோ? நீர் நல்லா இருப்பீரோ?" எண்டு அந்த மனிசன் படலையைச் சாத்தினான். எனக்கு எரிச்சல் பத்திக்கொண்டு வந்தது. சனத்துக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் குமரைக் காட்டி ஒளிக்கிறாங்கள் எண்டு றோட்டு முழுக்க ஏசிக்கொண்டு வந்தன். செம்மணிப் பக்கம் வரேக்கைதான் நானும் அதைத்தானே செய்யிறன் எண்டு உறைச்சுது. சைக்கிளாலை இறங்கி உருட்டிக்கொண்டு நடந்தன்.

வீட்டை வந்தால் அம்மா வாசலிலை சிரிச்ச முகத்தோடை நிக்கிறா. தெல்லிப்பழைப் பக்கத்திலை இருந்து ஒரு சம்பந்தம், பெடியன் அரசாங்க உத்தியோகம், சாதகம் நல்லாப் பொருந்தியிருக்குதாம். நான் உள்ளுக்கை போகேக்கை தங்கச்சி குறுக்கை வந்து, "கோட்டுக்கு என்னைக் கூப்பிடப்போயினமோ அண்ணை?" எண்டு கேட்டாள். ஆசிரியர் என்னட்டைத் தந்திருந்த கடிதத்தை அவள் என்ரை மேசை லாச்சியிலை கண்டிருக்கிறாள்.

"உனக்கேன் உந்தக் கதை? நான் பாத்துக்கொள்ளுவன்."

"கூப்பிட்டால் நான் வருவன்."

"விசர்க் கதை கதையாமல் போ."

அவ்வளவுதான். அவளுக்கு நல்லது செய்யிறன் எண்டு முழுசா நம்பிக்கொண்டு, மற்ற நாள் காலமை போய் மன்னிப்பு எழுதிக் குடுத்தன். வசனம் அப்புக்காத்தர் சொல்லித் தந்தது. மேற்படி கட்டுரையிலை சொன்னவை ஆதாரமற்றவை எண்டு ஏற்றுக்கொள்ளுகிறோம், மனம் வருந்துகிறோம். முதல் பக்கத்திலை, கறுப்புக் கட்டம் போட்டு, ஆசிரியரின்ரை பேரும் என்ரை புனைபெயரும். ஆசிரியர் என்ரை கையைப் பிடிச்சு நன்றி சொன்னார். அவருக்கு மெசின் தப்பினது.

தங்கச்சி பேப்பரை ரண்டு தரம் வாசிச்சாள். நாலாய் மடிச்சு என்ரை மேசையிலை வைச்சாள்.

"இதிலை ஆதாரமில்லை எண்டு கிடக்கிறது நான்தானோ அண்ணை?"

நான் சேட்டைப் போட்டுக்கொண்டு வெளியிலை போயிட்டன். அந்த நாளுகளிலை நான் வீட்டிலை இருந்ததே குறைவு. வகுப்பிலையும் இருக்கேலாது. கரும்பலகைக்கும் யன்னலுக்கும் இடையிலை நடந்துகொண்டு படிப்பிப்பன். பிள்ளையள் கழுத்தை அங்கையும் இங்கையும் திருப்பிக் களைச்சுப் போச்சினம்.

ஒரு மாசத்தாலை மாப்பிள்ளை பகுதி பெண் பாக்க வந்தவை. பெடியன்ரை தாயும் தாய்மாமனும், வாடகைக் காரிலை, பின்னேரம் நாலு மணிபோலை. தாய் நல்ல நிறம், சாந்தமான கதை, கொஞ்சம் கெந்திக் கெந்தி நடந்தவ. கால் பெருவிரலிலை வெள்ளைத் துணி சுத்தியிருந்தது. கதிரையிலை இருந்ததும் காலை அடுத்த கதிரைக்குப் பின்னாலை இழுத்துக்கொண்டா. அம்மா பயத்தம் பணியாரமும் வாழைப்பழமும் கொண்டு வந்து வைச்சா. தங்கச்சி தேத்தண்ணித் தட்டத்தோடை வந்தாள்.

"எனக்குச் சீனி போடாமல் ஒரு கோப்பை தாறியோ பிள்ளை," எண்டு அந்த அம்மா கேட்டா. பிறகு எங்கடை அம்மாவைப் பாத்துச் சிரிச்சா. "ஒளிக்கிறதுக்கு என்ன, எனக்குச் சீனி வருத்தம். பெம்பிளையளிலை பாத்தால்தானே குற்றம், மாப்பிள்ளையின்ரை தாய்க்கு இருந்தால் ஆர் கேக்கப்போகினம்?"

எல்லாரும் சிரிச்சம்.

"டொக்டர் இனிக் குளிசை காணாது, ஊசிதான் போடவேணும் எண்டிட்டார். எனக்கு ஊசி எண்டால் சரியான பயம். கொடிகாமத்துப் பக்கம் ஒரு பரியாரியார் இருக்கிறார், அவற்றை தூளைத்தான் குடிச்சுக்கொண்டிருந்தனான். இடையிலை ஆரோ ஒருத்தன் பேப்பரிலை, தூள் குடிச்சு ஒரு பெட்டை சாகக் கிடந்தது எண்டு எழுதிப்போட்டான். நான் பயந்து தூளையும் விட்டிட்டன். ஆசுப்பத்திரிக்குப் போறதுக்கு நாளும் பாத்தாச்சு. பாத்தால், அவங்களே மன்னிப்புக் கேட்டுப் பேப்பரிலை போட்டிருக்கிறாங்கள். பரியாரியார் அதை வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரிலை கொழுவியிருக்கிறார், நானே கண்டனான். அப்பாடா எண்டு இருந்தது எனக்கு."

"இப்பத் தூள்தானோ?" எண்டு நான் கேட்டன்.

"ஓம் தம்பி. இந்தக் கால் புண்தான் ரண்டு மாசமா ஆறுதில்லை. நான் அண்டைக்குக் கலியாண வீட்டிலை பாயசம் குடிச்சிட்டன், அதுதான்."

நான் சொல்லியிருக்கவேணும். எழுதினவன் நான். மன்னிப்புக் கேட்டவனும் நான். துணியைக் கண்டுகொண்டு இருந்தவனும் நான். வாயைத் திறந்தால் அதோடை சம்பந்தம் போச்சு. அம்மா எனக்குக் கண்ணாலை மன்றாடினா. வாழைப்பழத்தை எடுத்துத் தோலை உரிச்சன். உரிச்சுப்போட்டுத் தின்னாமல் கையிலை வைச்சுக்கொண்டிருந்தன்.

தங்கச்சி தட்டத்தை மேசையிலை வைச்சாள்.

"மாமி, அந்தப் பேப்பரிலை எழுதின பெட்டை நான்தான்."

அதோடை அவள் நிப்பாட்டேல்லை.

"ஊசியை விட்டிட்டுத் தூளைக் குடிச்சனான். ஒண்டரை நாள் அறிவில்லாமல் கிடந்தனான். இப்பவும் காலமையும் பின்னேரமும் ஊசி போடுறன். பாயசத்தாலை புண் ஆறாமல் இருக்காது மாமி. அந்த மன்னிப்பை நம்பாதையுங்கோ."

இதைச் சொல்ல எனக்கு வெக்கமா இருக்கு. அவள் வாயைத் திறந்த உடனை எனக்கு வந்தது பெருமையில்லை, கோவம். இவ்வளவு பாடுபட்டு மூடி வைச்சதை ஒரு நிமிசத்திலை கொட்டிப்போட்டாளே எண்ட கோவம். தாய்மாமன் மணிக்கூட்டைப் பாத்தார். இருட்டுறதுக்கு முன்னம் போகவேணும், றோட்டு நிலைமை சரியில்லை எண்டார். தேத்தண்ணி அப்பிடியே ஆறிக் கிடந்தது.

படலையை நான்தான் திறந்து பிடிச்சன். தாய்மாமன் போய்க் காருக்குள்ளை ஏறீட்டார். அந்த அம்மா கெந்திக்கொண்டு பின்னாலை வந்தவ, தங்கச்சிக்குக் கிட்ட நிண்டு, காருக்குக் கேக்காத மாதிரி மெல்லமாக் கேட்டா.

"பிள்ளை, ஊசி குத்தேக்கை கனக்க நோகுமோ?"

"முதல் ரண்டு நாள் நோகும் மாமி. பிறகு நீங்களே குத்துவியள்."

"நானேயோ?"

"நான் வந்து காட்டித் தாறன்."

புதன்கிழமை தரகர் வந்து, சாதகத்தை வேறை ஒருத்தரிட்டைக் காட்டினவையாம், பொருத்தம் காணாதாம் எண்டு சொல்லிப்போட்டுப் போனார். அம்மா குசினிக்குள்ளை இருந்து அழுதா. நான் வீட்டு முத்தத்திலை மேலும் கீழும் நடந்தன்.

சனிக்கிழமை காலமை தங்கச்சி சீலை உடுத்து, தலை இழுத்து, பையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டாள். எங்கை எண்டு அம்மா கேட்டா. தெல்லிப்பழைக்கு எண்டாள். வேண்டாம் எண்டு விட்ட வீட்டுக்குப் போக உனக்கு வெக்கமில்லையோ எண்டு அம்மா கத்தினா. மாமி ஆசுப்பத்திரியிலை ஊசி எடுத்திட்டாவாம், குத்தப் பயந்துகொண்டு இருக்கிறாவாம், ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறா எண்டு சொல்லிக்கொண்டே தங்கச்சி செருப்பைப் போட்டாள். நான் சைக்கிளை விட்டிட்டு அவளுக்குப் பின்னாலை பஸ் நிக்கிற இடம் மட்டும் நடந்து போனன்.

"நானும் வரட்டோ?" எண்டு கேட்டன்.

பஸ் வந்திட்டுது. அவள் ஏறிப்போட்டுத் திரும்பிப் பாத்தாள். கோவமாக் கேக்கேல்லை, தெரியாமல்தான் கேட்டாள்.

"வந்து என்ன சொல்லப்போறியள் அண்ணை?"